மேசைச் சின்னத்துக்கு விழுந்த ஓட்டுகள்

1989 ஜனவரி 21, சனிக்கிழமை, காலை ஆறே கால் மணி. மலையின் பாதிக்கு மேல் பனி மூடியிருந்தது, காற்றே இல்லை. பள்ளிக்கூட வாசலில் அதற்குள் பதினேழு பேர் வரிசையில் நின்றார்கள். மறுபடி எண்ணினேன். பதினேழுதான்.

அந்தத் தேர்தலில் நான் ஒரு வேட்பாளர். டவுனில் வெல்ல மண்டியில் கணக்கு எழுதுகிறவன் சட்டசபைக்கு நின்றதற்குக் காரணம் எங்கள் ஏரியின் மதகு. எழுபத்தேழில் ஓட்டுக் கேட்டு வந்தவர் அதைக் கட்டித் தருவதாகச் சொன்னார். எண்பதில் வந்தவர் அதே கரையில் நின்று அதையே சொன்னார். எண்பத்து நாலில் வந்தவர் ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை. மூன்று பேரும் ஜெயித்தார்கள். மதகு ஒழுகிக்கொண்டே இருந்தது.

கடைசியில் ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்தார்கள்: இந்த முறை ஊரே சேர்ந்து ஒரு சுயேச்சைக்குப் போடுவது. ஜெயிப்பதற்காக அல்ல, இந்த ஊர் மொத்தமாக ஒரு பக்கம் சாயும் என்று கட்சிகளுக்குத் தெரிந்தால் போதும், மதகு தானாக வரும். செலவை வீடுகளுக்குப் பிரித்துக்கொள்வதாகவும் பேச்சு. எந்தக் கொடியும் பிடிக்காதவன் என்று என்னை நிறுத்தினார்கள். கிடைத்த சின்னம் மேசை.

"நம்ம ஊர்ல மேசை எத்தினி வூட்ல கீது மாமா?" என்றான் என் மனைவியின் தம்பி. "கயித்துக் கட்டில் கேட்டிருந்தா ஜெயிச்சே இருப்பீங்க."

ஓட்டுப் போடத் தொடங்கியதும் எனக்கு வேறு கவலை பிடித்தது. கிரிவலம் வருகிறவர்களுக்கு விற்க விபூதிப் பொட்டலம் மடிப்பது எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு நடக்கும் வேலை. கையில் சின்னத் தாள் கிடைத்தால் நான்கு மூலையையும் உள்ளே ஒடித்து, ஒரு முனையை இன்னொன்றுக்குள் செருகிவிடுவார்கள். ஓட்டுச் சீட்டையும் அப்படியே மடித்து எடுத்து வந்தார்கள்.

"நீளவாக்குல மடிங்கம்மா, நீளவாக்குல!" என்று தேர்தல் அதிகாரி கத்தினார்.

"தெரியும் சாமி, கொட்டாமதான் மடிச்சிருக்கேன்" என்று சொல்லி ஒரு கிழவி பெட்டியில் போட்டாள்.

மடிப்பில் மை இன்னொரு சின்னத்தில் ஒட்டிச் சீட்டு செல்லாமல் போய்விடுமோ என்று மூன்று முறை கேட்டேன். மறுபக்கம் ஒட்டிய முத்திரை இடம் வலம் மாறித் தெரியும், எண்ணுகிறவர்களுக்குப் புரியும் என்றார் அதிகாரி. நாலாவது முறை கேட்டபோது என்னை உட்காரச் சொன்னார். மாலையில் ஊரில் பதிவானவை அறுநூற்றுப் பதினெட்டு.

டவுனில் எண்ணும் இடத்தில் எல்லா ஊர்ச் சீட்டுகளையும் பிரித்து, கட்டுக் கட்டாகப் பெரிய டிரம்மில் போட்டுக் கலந்துவிடுவார்கள். எந்த ஊர் யாருக்குப் போட்டது என்று யாருக்கும் தெரியக்கூடாது. எனக்கு மட்டும் தெரிந்தது. நான்கு மூலையும் ஒடிந்த சீட்டுகள் வேறு எந்த ஊரிலிருந்து வரும்? ஒரு இடத்தில் நிற்க முடியாமல் கம்பி வலையை ஒட்டி நடந்துகொண்டே இருந்தேன். அந்த மடிப்புள்ள சீட்டுகள் பெரிய கட்சிகளின் தட்டுகளில் விழுந்தபடி இருந்தன.

எனக்கு மொத்தம் அறுநூற்று முப்பத்தொன்று.

"ஊரு வோட்டு ஒண்ணு விடாம வுழுந்திருக்குது மாமா!" என்று மச்சான் என் தோளைப் பிடித்துக் குலுக்கினான். "மேல பதிமூணு ஜாஸ்தி!"

என் கட்டுகள் சிறியவை. கேட்டதும் புரட்டிக் காட்டினார்கள். விபூதி மடிப்புச் சீட்டுகள் தொண்ணூற்று நான்கு. மற்றவை எல்லாம் நான் கால் வைக்காத ஊர்களின் நேர் மடிப்பு. அவர்கள் ஏன் மேசைக்குக் குத்தினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதிகாரி கத்தியதில் எங்கள் ஊரிலும் சிலர் நீளவாக்கில் மடித்திருக்கலாம். எத்தனை பேர்? இருபது? ஐம்பது? எப்படிக் கூட்டினாலும் அறுநூறு வரவில்லை.

ஊரில் மேளம் வைத்திருந்தார்கள். "சொன்னா மாதிரி போட்டுட்டோம் பாத்தீங்களா" என்று ஒவ்வொருவரும் வந்து சொன்னார்கள். தொண்ணூற்று நான்கு பேர் சொன்னது உண்மை. யார் அவர்கள் என்று முகம் முகமாகப் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. திறந்தால் கட்சிக்காரர்கள் காதுக்குப் போகும். மதகு அதோடு போய்விடும்.

ஜெயித்த கட்சிக்காரர்கள் அந்தக் கோடையிலேயே வந்தார்கள். மேசைக்கு விழுந்த எண்ணிக்கையைப் பார்த்து, ஊர் முழுக்க ஒரே பக்கம் நின்றது என்று அவர்களும் நம்பியிருந்தார்கள். அளந்தார்கள், சிமெண்டு இறங்கியது, மதகு கட்டி முடிந்தது.

அதற்குப் பிறகுதான் ஊர்க்கூட்டத்தில் செலவுப் பங்கைக் கேட்டேன். மதகுத் தண்ணீர் முதலில் பாயும் நிலம் வைத்திருப்பவர் எழுந்தார்.

"வோட்டும் எங்களுது, காசும் எங்களுதுன்னா, நீங்க இன்னாதாங்க பண்ணீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். தொண்ணூற்று நான்கு என்று சொல்ல வாயெடுத்தேன். எதிரே ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். அதில் எனக்குப் போட்டவர்களும் இருந்திருப்பார்கள், அவர்களும் சிரித்தார்கள். உட்கார்ந்துவிட்டேன். திரும்பி வராத டெபாசிட், நோட்டீஸ், சுவரெழுத்து, இரண்டு நாள் ஜீப் வாடகை, ஏஜெண்டுகளுக்கு டிபன் எல்லாம் சேர்த்து ஆயிரத்து நூற்று எண்பத்தேழு ரூபாய் ஐம்பது காசு.