பதினோராவது முளை

1. திங்கட்கிழமை காலை ஜமுனாமரத்தூரில் பேருந்து ஏறி, எங்கள் ஊருக்குப் பிரியும் இடத்தில், தரையின் உயரம் அளக்கும் மட்டமானியுடனும் முக்காலியுடனும் இறங்கினேன்.
2. அளவுகோல் பிடிக்க வர வேண்டிய ஆள் வரவில்லை. அப்பா கோலை வாங்கிக்கொண்டார்.
3. ஊரிலிருந்து தார்ச்சாலை வரையுள்ள ஐந்நூறு மீட்டர் ஏற்றத்தை, இருபது மீட்டருக்கு ஒரு மரக்குச்சியை முளையாக அடித்து, இருபத்தாறு முளைகளில் அளந்து முடித்தோம்.
4. மாலையில் மழை பிடித்தது. மலைப்பாதையில் மண் சரிந்து பேருந்து நின்றது. கரண்டும் போனது.
5. கால்குலேட்டரில் உயரங்களை ஏற்றிச் சரிவைப் படமாக வரைந்து பார்த்தேன். எங்கும் எட்டைத் தாண்டவில்லை.
6. ஊருக்குச் சாலை வந்துவிடும் என்று அம்மாவிடம் சொன்னேன். அது அரை மணி நேரத்தில் எல்லா வீடுகளுக்கும் தெரிந்தது.
7. மறுநாள் காலையில் அதே படத்தை இன்னொரு முறை பார்த்தேன்.

ஏழாவதை மட்டும் செய்யாமல் இருந்திருக்கலாம்.

எட்டு என்பது சாலை போடும் எங்கள் அலுவலகத்தின் வரம்பு. நூறு மீட்டர் நடந்தால் எட்டு மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது. ஏறினால் மண்ணையோ பாறையையோ வெட்டித் தணிக்க வேண்டும். படிவத்தில் இரண்டு கட்டங்கள் உண்டு: "வெட்டு தேவையில்லை", "வெட்டு தேவை". முதல் கட்டத்தில் குறியிட்டால் கோப்பு எங்கள் அலுவலகத்திலேயே முடிந்துவிடும். இரண்டாவதில் குறியிட்டால் காட்டு அனுமதிக்காக வனத்துறைக்குப் போகும். அப்படிப் போன கோப்பு ஒன்று திரும்பி வந்ததை நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு பார்த்ததில்லை. என் வேலை ஒப்பந்த வேலை. ஆனாலும் அளவுத் தாளின் அடியில் கையெழுத்து என்னுடையது. "உன் ஊர்தானே, தங்க இடம் தேட வேண்டாம்" என்று சொல்லித்தான் சார் என்னை அனுப்பினார்.

கால்குலேட்டர் கல்லூரியில் ஒரு அக்கா கொடுத்தது. வெளிநாடு போகும்போது விட்டுப் போனார். எண்ணோடு எழுத்தையும் வைத்துக் கணக்குப் போடும் வகை அது. சார்பைக் கொடுத்தால் வகைக்கெழுவைச் சூத்திரமாகவே எழுதிக் காட்டும், இரண்டையும் ஒரே திரையில் வரையும். அதனாலேயே எந்தத் தேர்வறையிலும் அதை அனுமதிக்கவில்லை. நான்கு பேட்டரி போட்டால் மாதக்கணக்கில் ஓடும் என்பதால், கரண்ட் இல்லாத ஊருக்கு மடிக்கணினியை விட அது உதவியது.

நான் செய்தது இதுதான். அடுத்தடுத்த முளைகளை நேர்க்கோடுகளால் இணைத்து, தரையின் உயரத்தைத் துண்டு துண்டான ஒரு சார்பாக எழுதினேன். அதன் வகைக்கெழு ஒவ்வொரு துண்டிலும் எவ்வளவு ஏற்றம் என்று சொல்லும். திரையில் அது படிக்கட்டு போல வரும். முதல் நாள் இரவு உயரமும் சரிவும் ஒரே திரையில் இருந்ததால் படிகள் நசுங்கித் தெரிந்தன. எட்டில் ஒரு கோடு போட்டேன். எதுவும் அதைத் தொடவில்லை. அணைத்துவிட்டுத் தூங்கினேன்.

செவ்வாய் காலை மழை விடவில்லை. வேறு வேலை இல்லாததால் உயரத்தை மறைத்துவிட்டு, சரிவை மட்டும் பூஜ்யத்திலிருந்து பதினைந்து வரை பெரிதாக்கினேன். மூன்று, ஆறு, இரண்டு, ஐந்து என்று படிகள் துள்ளிக்கொண்டு போயின. பத்தாவது முளையிலிருந்து பதினான்காவது வரை நான்கு துண்டுகள்: 7.8, 7.9, 7.7, 7.9. எட்டுக் கோட்டுக்கு அடியில் ஒட்டிக்கொண்டு ஒரே மட்டமாகக் கிடந்தன. உயரத்தின் படத்தில் அந்த இடம் அழகான நேர்க்கோடு. எங்கள் மலையில் எண்பது மீட்டருக்கு ஒரே சீராக ஏறுகிற இடம் கிடையாது. அந்த இடத்தில் விறகுக் கட்டோடு நானே மூச்சு வாங்கி நின்றிருக்கிறேன்.

குடையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டுவதற்குள் பக்கத்து வீட்டு அத்தை பிடித்துக்கொண்டார்.

"இன்னாடி இஞ்சினியரு, ரோடு எப்ப போடறாங்க?"

"கணக்கு இன்னும் முடியல அத்தை."

"நேத்து வந்துடும்னு உங்கம்மா சொன்னா. ராவோட ராவா ரோட்ட எலி தின்னுடுச்சா?"

"ஒரு எடம் மட்டும் பாக்கணும்."

"பாரு, பாரு. என் மருமவளுக்கு ஏழாம் மாசம். இந்தப் புள்ளைக்கு வராது, அவள டோலி கட்டித் தோள்லதான் தூக்கணும். அடுத்த புள்ளைக்காச்சும் வரட்டும்."

சிரித்துவிட்டுத்தான் சொன்னார். நான் பதினோராவது முளைக்குப் போனேன். முளைக்குப் பக்கத்தில் இடுப்பளவுக்குச் சற்றுக் குறைவாக ஒரு கல். அதன் உச்சியில் கோலின் இரும்பு அடி உரசிய வெள்ளைக் கீறல். பதின்மூன்றாவது முளை பாறைத் தளத்தில், கற்களுக்கு நடுவே நின்றது. அதன் அருகில் தண்ணீர் அறுத்த பள்ளம். பள்ளத்துக்குள் அப்பாவின் கால் தடம், மழை நிரம்பியிருந்தது. மட்டமானியின் கண்ணாடியில் கோலின் எண்கள் மட்டுமே தெரியும். கோலின் அடியை உண்ணிச்செடிப் புதர் மறைத்திருந்தது.

அப்பா கோலைக் கீழ் முளையில் எண்பது சென்டிமீட்டர் தூக்கி, மேல் முளையில் எண்பது சென்டிமீட்டர் இறக்கியிருந்தார். நடுவில் இருந்த செங்குத்தை இரண்டு பக்கமும் பங்கு போட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்தேன். அப்பா கேழ்வரகு மூட்டைமேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"ப்பா, பதினோராவது முளையில கோல எங்க வச்ச?"

"முளைகிட்டதான்."

"முளைகிட்டயா, கல்லு மேலயா?"

"கல்லும் தரைதான."

"பதிமூணுல?"

"பள்ளமும் தரைதான."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"போன தபா அளக்க வந்த ஆளுக்கும் நாந்தான் கோல் புடிச்சேன்" என்றார் அப்பா. "சொன்ன எடத்துல சொன்ன மாரி வச்சேன். எட்டுக்கு மேல போவுது பெரியவரேன்னு சொல்லிட்டு மூட்ட கட்டிக்கினு போய்ட்டான். நேரா வச்சதுக்கு இன்னா கெடச்சுது?"

"கீழ என் கையெழுத்துப்பா."

"நீ பாத்தது நம்பரத்தான. கீழ இன்னா இருக்குன்னு உனக்குத் தெரியாது. வச்சவன் நான்."

"இப்பத் தெரியுமே."

அன்று முழுவதும் நானும் அவரும் அதே அறையில் இருந்தோம். மழையில் வேறு போக இடமில்லை. அலுவலகத்தைக் கூப்பிட சிக்னல் இல்லை. இருந்திருந்தாலும் என்ன கேட்பது என்று தெரியவில்லை. அவ்வப்போது யாராவது தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்து, கால்குலேட்டரைப் பார்த்து, "இதுல ரோடு தெரியுதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். தெரிகிறது என்றேன். திரையில் இருந்தவை அந்த நான்கு படிகள்தான். நோட்டில் பட்டியல் போட்டேன். அப்படியே அனுப்பினால்: அனுமதி உடனே வரும், ஊர் சந்தோஷப்படும், ஜல்லி கொட்டிவிட்டுத் திரும்பும் லாரி அந்த ஏற்றத்தில் பின்னால் உருளும். திருத்தி அனுப்பினால்: லாரி உருளாது, ஏனென்றால் லாரியே வராது. இரண்டுக்கும் கீழே மூன்றாவது வரிக்கு எண் மட்டும் போட்டிருந்தேன்.

புதன் காலை வானம் வெளுத்தது. மட்டமானி, முக்காலி, கோல் மூன்றையும் தூக்கிக்கொண்டு தனியாகக் கிளம்பினேன். கோலுக்கு அத்தையைக் கூப்பிடலாம் என்று நினைத்திருந்தேன். பதினோராவது முளைக்குப் போனபோது அப்பா அங்கே இருந்தார். கொடுவாளால் உண்ணிச்செடியை அடியோடு வெட்டித் தள்ளிக்கொண்டிருந்தார். நான் கருவியை மட்டப்படுத்தும் வரை காத்திருந்து, கோலை வாங்கித் தரையில் ஊன்றினார்.

"அடி தெரியுதா?"

"தெரியுது."

"நல்லாப் பாரு. அப்பறம் கல்லுன்னு சொல்லக் கூடாது."

பதின்மூன்றாவது முளையிலும் அப்படியே, பாறைமேல். சரிவுகள் 3.8, 11.9, 11.7, 3.9 என்று வந்தன. அங்கேயே உட்கார்ந்து கால்குலேட்டரில் இரண்டாவது சார்பாக ஏற்றி, திங்கட்கிழமைச் சார்பின் மேலேயே வரைந்தேன். அப்போதுதான் கவனித்தேன். கீழே எண்பது சென்டிமீட்டர் மண் நிரப்பி, மேலே எண்பது சென்டிமீட்டர் வெட்டினால் சாலை எப்படி இருக்குமோ, அதுதான் அப்பா கல்லிலும் பள்ளத்திலும் கோலை வைத்துக் கொடுத்த கோடு. சாலை வடிவமைப்பை நான் இரண்டு பருவம் படித்தேன். அதைவிட நல்ல கோடு அந்த இடத்துக்கு என்னால் போட முடியவில்லை.

திரையைக் காட்டிச் சொன்னேன்.

"அப்ப அதையே போட வேண்டியதுதான?" என்றார்.

"போடறேன். ஆனா இது தரை, அது ரோடு. ரெண்டையும் தனித்தனியாப் போடணும். மேல பாறைய வெட்டணும்னும் எழுதணும்."

"வெட்டணும்னு எழுதுனா?"

"காட்டு அனுமதி வரணும்."

அப்பா கோலை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டார். "அப்ப போன தபா மாரியேதான்" என்று சொல்லிவிட்டு முன்னால் இறங்கினார்.

வியாழக்கிழமை பேருந்து விட்டார்கள். இரண்டு கோடுகளையும் தாளில் வரைந்து, இரண்டாவது கட்டத்தில் குறியிட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். சார் தாளைப் பார்த்துவிட்டு, "சாலைக் கோடு நன்றாக இருக்கிறது, நீ போட்டதா?" என்று கேட்டார். ஊர்க்காரர் ஒருவர் யோசனை என்றேன்.

இப்போதைய நிலை இது. கோப்பு காட்டு அனுமதிக்குப் போய் ஐந்து மாதம் ஆகிறது, பதில் இல்லை. அத்தையின் மருமகளை டோலியில்தான் தூக்கிப் போனார்கள். பெண் குழந்தை, இருவரும் நலம். அத்தை என்னிடம் பேசுகிறார், சாலையைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. என் ஒப்பந்தம் பங்குனியோடு முடிகிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போகிறேன், தார்ச்சாலையில் இறங்கி அந்த ஐந்நூறு மீட்டரை நடந்துதான்.