ஓடைப்பட்டியில் சித்தப்பா கேட்ட பாட்டு

பேரன் போனில் ஏதாவது புதுப்பாட்டை வைத்துவிட்டு, "எப்பிடி இருக்கு தாத்தா?" என்று கேட்பான். நல்லா இருக்குப்பா என்று சொல்லிவிடுவேன். எதை வைத்தாலும் அதே பதில்தான். "ஒனக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கும்" என்று சலித்துக்கொள்வான். ஒரு பாட்டை நன்றாக இல்லை என்று சொல்கிற பழக்கம் என்னைவிட்டுப் போய் வெகுகாலம் ஆகிறது. சின்ன வயதில் அந்தப் பழக்கம் எனக்கு நிறையவே இருந்தது. சித்தப்பாவிடமிருந்து வந்தது.

சித்தப்பா, அப்பாவுக்கு நேர் இளையவர். நாங்கள் அப்போது பழனிசெட்டிபட்டியில் இருந்தோம். அவர் தேனியில் ஒரு ஜின்னிங் மில்லில் வேலை பார்த்தார். பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரித்தெடுக்கிற மில். சாயங்காலம் வரும்போது புருவம், மீசை, காது மடல் எல்லாவற்றிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். கல்யாணமாகாத இளவட்டம் கிழவராகி வருவது போல இருக்கும். ஒரு தடவை அப்பாவோடு அந்த மில்லுக்குப் போயிருக்கிறேன். வாசலிலேயே இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். உள்ளே ஆட்கள் வாயால் பேசவில்லை. கையை ஆட்டித்தான் பேசிக்கொண்டார்கள். எனக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது.

வந்து குளித்துவிட்டு ஆர்மோனியத்தின் முன்னால் உட்காருவார். ஒரு நாடகக் கம்பெனி கலைந்தபோது கைமாறி வந்த பழைய பெட்டி அது. குரு என்று யாரும் கிடையாது. தானே தட்டித் தட்டிப் படித்துக்கொண்டார். சனிக்கிழமை பஜனை மடத்தில் வாசிப்பார். காசு வாங்க மாட்டார். ஆனால் அவர் வாசிப்பைவிட அவர் அபிப்பிராயத்துக்குத்தான் ஊரில் மதிப்பு அதிகம்.

வாத்தியம் ஒவ்வொன்றைப் பற்றியும் அவருக்கு ஒரு தீர்ப்பு இருந்தது. முதலில் புல்லாங்குழலைத் தள்ளினார். மூங்கிலுக்குள் போன காற்று மூங்கில் காட்டிலேயே இருந்திருக்கலாம் என்றார். அடுத்த வருஷம் பிடில் போயிற்று. வெங்காயம் உரிக்கிற மாதிரி, காரணமில்லாமல் கண்ணில் தண்ணீர் வரவழைக்கிற வாத்தியமாம். பிறகு பஜனையில் ஜால்ரா தட்டுகிற பையனை, உன் தாளம் எனக்கு வேண்டாம், சும்மா உட்கார் என்று உட்காரவைத்துவிட்டார். சினிமாவில் பாடுகிற பெண்களை மொத்தமாக ஒதுக்கினார். புதிதாக வந்த ஆண் பாடகர்கள் வாய்க்குள் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு பாடுகிறார்களாம். கடைசியில் மிஞ்சியது தவிலும் உருமியும்தான். "வாத்தியம்னா வயித்துல வந்து இடிக்கணும்லே" என்பார்.

டீக்கடைக்காரர் சித்தப்பா தலையைக் கண்டதும் ரேடியோவைத் திருகி வேறு பாட்டு வைப்பார். கல்யாண வீட்டுக்காரர்கள் மேளம் பேசுவதற்கு முன்னால் இவரிடம் வந்து ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவார்கள். ஆர்மோனியம் வாசிக்கும்போது தாடையைப் பெட்டியின் மரத்தில் அழுத்திவைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். அது ஒரு பெரிய ஸ்டைல் என்று நினைத்துப் பக்கத்து ஊர் ஆர்மோனியக்காரர் ஒருவரும் அப்படியே தாடையை வைக்க ஆரம்பித்தார். நான் என் பங்குக்கு அவர் அபிப்பிராயங்களை எல்லாம் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவேன். பாட்டு வகுப்பில் டீச்சர் பாடி முடித்ததும் உதட்டைப் பிதுக்குவேன். அடி விழும். அதைக்கூடப் பெருமையாக வாங்கிக்கொள்வேன். அந்தப் பள்ளிக்கூடத்தையும் அஞ்சாவதோடு விட்டாயிற்று, அது வேறு கதை.

சித்தப்பாவுக்கு ஓடைப்பட்டியில் ஒரு பெண் வந்தது. திராட்சைத் தோட்டக்காரர் வீடு. மார்கழி மாதம் பெருமாள் கோயிலில் விடியற்காலையில் பாடுகிற பெண் என்று தரகர் சொன்னதும் அப்பாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "பாட்டுக்காரனுக்குப் பாட்டுக்காரி. வேற என்ன வேணும்?" என்றார். அப்பா, அம்மா, அத்தை, சித்தப்பா, நான் எல்லோரும் பஸ் ஏறினோம். சித்தப்பா வெள்ளை வேட்டியும் இஸ்திரி போட்ட சட்டையும் போட்டிருந்தார். காது மடலில் பஞ்சு இருக்கிறதா என்று அம்மாவிடம் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டே வந்தார்.

அந்த வீட்டுக்குப் பின்னாலேயே தோட்டம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் பந்தல் பந்தலாகக் கொடி. கிணற்றில் டீசல் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தட் தட் தட் தட் என்று வீட்டுச் சுவரே லேசாக அதிர்ந்தது. உளுந்த வடையும் கேசரியும் கொடுத்தார்கள். கேசரியில் முந்திரியோடு காய்ந்த திராட்சையும் அள்ளிப் போட்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் அதை ஆளுக்கு ஒன்றுதான் தேட வேண்டியிருக்கும்.

பெண்ணின் அப்பா சித்தப்பாவுக்கு நேர் எதிரே உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துப் பேசினார். நல்ல கனத்த குரல்.

"மாப்பிள்ளை பெரிய ஞானஸ்தருன்னு சொன்னாக. எங்க பிள்ளையும் என்னமோ அதுக்குத் தெரிஞ்சதப் பாடும். கேட்டுட்டு நீங்கதான் சொல்லணும்."

"பாடட்டும் மாமா. அதுக்கென்ன" என்றார் சித்தப்பா. முகமெல்லாம் சிரிப்பு.

பெண் வந்து பாயில் உட்கார்ந்தது. ஊதாச் சேலை. தலையை அப்படிக் குனிந்திருந்தது. நேர் வகிடும் கனகாம்பரமும்தான் தெரிந்தன. முந்தானை நுனியை விரலில் சுற்றி வாயருகே வைத்துக்கொண்டது. ஜன்னலிலும் வாசலிலும் அந்தத் தெருப் பெண்கள் நெருக்கியடித்து நின்றார்கள். சித்தப்பாவும் கூச்சத்தில் தலையைக் குனிந்து, கையிலிருந்த வடைத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் பாடியது.

எந்தப் பாட்டு என்று இப்போது எனக்கு நினைவில்லை. குரல் நினைவிருக்கிறது. மெல்லிய குரல், இழை மாதிரி. மோட்டார் சத்தத்துக்கு நடுவே அது அறுந்துவிடும், அறுந்துவிடும் என்று நினைப்பேன், அறாமல் மேலே போகும். எனக்குக் கையில் மயிர் சிலிர்த்தது. ஆனாலும் நல்லதா கெட்டதா என்று நானாக முடிவு செய்யவில்லை. சித்தப்பா சொல்லட்டும் என்று இருந்தேன்.

பாட்டு முடிந்தது. எல்லோரும் சித்தப்பாவையே பார்த்தார்கள். பெண் மட்டும் குனிந்த தலையோடு காத்திருந்தது. சித்தப்பா மெதுவாக நிமிர்ந்தார். அத்தனை பேரும் தன்னைப் பார்ப்பதைக் கண்டு கொஞ்சம் திகைத்தார். பிறகு பெண்ணின் அப்பாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"நேரமாகுதுல்ல மாமா. பிள்ளையப் பாடச் சொல்லுங்க."

ஜன்னலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதோடு அந்தச் சிரிப்பும் நின்றது. பெண்ணின் அப்பாவுக்கு வாய் திறந்தபடியே இருந்தது.

"கூச்சப்படாமப் பாடட்டும்" என்றார் சித்தப்பா மறுபடியும், அன்பாகத்தான்.

அப்போதுதான் அந்தப் பெண் தலையைத் தூக்கியது. அந்த முகத்தை நான் பார்த்தேன். சாணி மெழுகின தரை மாதிரி ஆகிப்போயிருந்தது. எழுந்து உள்ளே போய்விட்டது. அதன் அண்ணன்காரன் வாசல் பக்கம் கையைக் காட்டி, "சாப்பிட்டாச்சுல்ல. கெளம்புங்க" என்றான். அத்தை முனகிக்கொண்டே செருப்பைத் தேடினாள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். எப்பேர்ப்பட்ட தீர்ப்பு! இனிமேல்தான் பாட்டே ஆரம்பிக்கவேண்டும் என்று சொல்லிவிட்டாரே. நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் இதைச் சொல்லிப் பார்க்கவேண்டும் என்று நினைத்தேன்.

பஸ்ஸில் நான் ஜன்னலோரம், அம்மா நடுவில், சித்தப்பா இந்தப் பக்கம். அவர் அம்மாவின் முகத்துக்கு நேராகத் திரும்பி, "ஏன் மதினி இம்புட்டு வெரசாக் கெளம்பிட்டோம்? பிள்ளைய எனக்குப் பிடிச்சிருக்கே" என்றார்.

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பிடிச்சிருக்கா? பிடிச்சுத்தான் அப்பிடிச் சொன்னியாக்கும்? உசுரக் குடுத்துப் பாடி முடிச்ச பிள்ளைய, பாடச் சொல்லுங்கன்னு சொல்றியே, ஒனக்கே நல்லா இருக்கா? சபையில அது மூஞ்சி செத்துப்போச்சு."

சித்தப்பா அம்மாவின் வாயையே பார்த்தார். பேசி முடித்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னமனூரில் பஸ் நின்று ஆள் ஏற்றியது. இறங்கி எதிர்ப் பஸ் பிடித்தால் ஓடைப்பட்டிக்குப் போய்விடலாம். அவர் எழுந்தார், முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்டக்டர் விசில் அடித்தார். சித்தப்பா உட்கார்ந்துவிட்டார். வீரபாண்டி வந்த பிறகு, "குரல்ல பதம் பத்தல மதினி" என்றார்.

முன் சீட்டில் இருந்த அப்பா திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "நாந்தான் சொன்னேன்ல. அவன் காதுக்கு லேசுல ஒண்ணும் ஏறாது."

சித்தப்பாவுக்குக் காது போய்க்கொண்டிருந்தது என்பது பிறகு நாலைந்து வருஷம் கழித்துத்தான் வீட்டில் தெரிந்தது. மில்லில் சங்கு ஊதி எல்லோரும் வெளியே வந்த பிறகும் இவர் மட்டும் மிஷின் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். மதுரைக்குக் கூட்டிப்போனார்கள். மிஷின் சத்தம் காதை எப்போதோ தின்றுவிட்டது, முதலில் மெல்லிய சத்தங்கள் போகும், அப்புறம் ஒவ்வொன்றாய்ப் போகும் என்று டாக்டர் சொன்னாராம். தெரிந்தால் வேலை போய்விடும், செவிடன் என்று பெண் கொடுக்கமாட்டார்கள் என்று மறைத்திருக்கிறார். அப்பா வந்து இதைச் சொன்னபோது அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் அப்படியே நின்றது. "அப்ப அந்தப் பிள்ள..." என்றாள்.

அம்மாவுக்கு அந்தப் பெண் நினைவு வந்ததற்குக் காரணம் இருந்தது. நாங்கள் பெண் பார்த்துவிட்டு வந்த மறுநாளே அந்தப் பேச்சு ஓடைப்பட்டி முழுக்கப் பரவிவிட்டது. தேனியிலிருந்து வந்த ஞானஸ்தர் சொல்லிவிட்டார் என்பதால் அதற்குக் கனம் கூடிப்போனது. குழாயடியில் அந்தப் பெண் குடத்தை வைத்தால், "பாடச் சொல்லுங்க" என்று பையன்கள் கத்துவார்களாம். அந்த மார்கழியில் அது கோயிலுக்குப் போகவில்லை. வந்த இடங்களும் தட்டிப்போயின. இதெல்லாம் தரகர் வந்து எங்கள் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டே சிரிப்பாகச் சொன்னதுதான். சித்தப்பா அப்போது கூடத்தில்தான் இருந்தார். தரகர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாசி பிறந்திருக்கும். ஒருநாள் காலை அதே தரகர் வந்து அப்பாவைத் தெருவுக்குக் கூப்பிட்டுப் பேசினார். அப்பா உள்ளே வந்து, அந்த ஓடைப்பட்டிப் பெண் தவறிப்போய்விட்டது என்றார். வயிற்றுவலியாம், தாங்கமுடியாமல் போய்விட்டதாம். எனக்குப் பாவமாக இருந்தது. எனக்கும் அடிக்கடி வயிற்றுவலி வரும்.

சித்தப்பா மில்லுக்குப் போகவில்லை. "கம்பம் வரைக்கும் போய்ட்டு வருவோம், வாலே" என்று என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போனார். ஆனால் சின்னமனூரிலேயே இறங்கி ஓடைப்பட்டிப் பஸ்ஸில் ஏறினார். எதற்கு என்னைக் கூட்டிப்போனார் என்று அப்போது நான் யோசிக்கவே இல்லை. பஸ்ஸில் ஏறினால் எனக்குப் போதும்.

அந்தத் தெருவுக்குள் போகவில்லை. சுற்றிக்கொண்டு வாய்க்கால் வழியாகப் போய், தோட்டத்தின் கடைசியில், கொடிப்பந்தலுக்கு அடியில் நின்றார். அங்கிருந்து வீட்டின் பின்பக்கம்தான் தெரியும். ஆள் யாரும் கண்ணில் படவில்லை. அன்று மோட்டாரும் ஓடவில்லை. பொம்பளைகள் ஒப்பாரி வைக்கிற சத்தம் மட்டும் சுவரைத் தாண்டி வந்துகொண்டிருந்தது.

சித்தப்பா என் உயரத்துக்குக் குனிந்தார். "அழுகுறாகளாலே?" என்று கேட்டார்.

"ஆமா சித்தப்பா."

"நல்லாக் கேக்குதா?"

"நல்லாக் கேக்குது."

"ரொம்பப் பேரா?"

தலையாட்டினேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இப்படி ஒரு பாட்டைப் பற்றி என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. இத்தனை நாள் நான் கற்றுக்கொண்டதைப் பரீட்சை வைத்துப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அவரைப் போலவே கண்ணை லேசாக மூடி, காதைக் கொடுத்துக் கேட்டேன். பிறகு அவருக்கு நன்றாகப் புரியும்படி நிதானமாகச் சொன்னேன்.

"சுதியே சேரல சித்தப்பா. ஆளுக்கொரு பக்கம் இழுக்குறாக. ஒருத்திக்கும் குரல் இல்ல."

கன்னத்தில் விழுந்த அடியில் வாய்க்கால் சேற்றில் போய் விழுந்தேன். அதுவரை அவர் என்மேல் கை வைத்ததே கிடையாது. நான் குரலெடுத்து அழுதேன். அவர் என்னைத் தூக்கி நிறுத்தி, சேற்றைத் தன் வேட்டியால் துடைத்து, என் வாயை உள்ளங்கையால் பொத்தினார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு வாய்க்கால் வழியாகவே பஸ்ஸுக்கு நடந்தார்.

வீட்டுக்கு வந்ததும் நேராக அம்மாவிடம் போனேன். சித்தப்பாவுக்கு இப்போதெல்லாம் எது நல்ல பாட்டு, எது கெட்ட பாட்டு என்றே தெரியவில்லை என்று சொன்னேன்.