அளக்காத கண்ணாடி

பருப்பு மில்லில் அவளுக்கு முறைச்சி என்று பேர். எதிரே யார் வந்தாலும் கண்ணை இடுக்கித்தான் பார்ப்பாள். பருப்பில் கல் பொறுக்குவதில் குறை சொல்ல முடியாது. கையருகே இருப்பதெல்லாம் பளிச்சென்று தெரியும். நாலடி தள்ளினால் எல்லாம் புகைமூட்டம். பார்த்தும் பார்க்காத மாதிரி போகிறாளே, மலைச்சனத்துக்கு இவ்வளவு திமிரா என்று கடைத்தெருவே பேசியது.

மகளுக்கும் அதே கண். கரும்பலகை தெரியாமல் விழித்த பிள்ளையை, "மலைப்புள்ளைங்களுக்குப் படிப்பு ஏறாது" என்று வாத்தியார் கடைசி பெஞ்சுக்குத் தள்ளினார். அவள் எட்டாவதோடு நின்று, அம்மா பக்கத்தில் கல் பொறுக்க உட்கார்ந்துவிட்டாள்.

ஒருநாள் மில் வாசலில் இலவசக் கண் முகாம் நடந்தது. மலைக்குடியிருப்புப் பெண்களை வரிசையில் நிறுத்தி, அட்டைப்பெட்டியிலிருந்து ஆளுக்கொரு கண்ணாடி எடுத்து மாட்டிப் படம் பிடித்தார்கள். யார் கண்ணையும் சோதிக்கவில்லை.

"ஐயா, இதைப் போட்டா முன்ன தெரிஞ்சதும் தெரியலையே," என்றாள் முறைச்சி.

"போகப் போகப் பழகிடும்மா," என்ற முகாம்காரர், பக்கத்தில் திரும்பி, "ஓசியில குடுத்தா இப்படித்தான் நொட்டை சொல்லுவாங்க," என்று முணுமுணுத்தார். அவளுக்குக் கண்தான் மங்கல். காது நன்றாகவே கேட்கும்.

மறுமுறை முகாம் போட்டபோது, குடியிருப்பில் சும்மா கிடந்த கண்ணாடிகளையெல்லாம் முந்தானையில் அள்ளிக்கொண்டு மேடையேறினாள். மாலையோடு உட்கார்ந்திருந்த சிறப்பு விருந்தினர் முன்னால் கொட்டினாள்.

"உங்க வீட்டுப் புள்ளைக்கும் இப்படித்தான் பெட்டியில கையை விட்டு எடுத்து மாட்டுவீங்களா? செருப்புக்கடைக்காரன்கூட காலைப் பார்த்துத்தானே குடுக்கறான்! எங்க கண்ணு அதைவிடக் கேவலமா?"

அவளை இறக்க வந்த காவலாளியை மற்ற பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

சங்கதி பரவியது. அரசு ஆஸ்பத்திரியில் கண் சோதிக்கும் பெண் கருவிகளோடு மலையேறி வந்தாள். மகளுக்கு லென்ஸை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, "சாதாரணக் கிட்டப்பார்வைதான்க்கா. சின்ன வயசுலயே கண்ணாடி போட்டிருந்தா போர்டெல்லாம் நல்லாவே தெரிஞ்சிருக்கும்," என்றாள்.

மகள் மெல்லச் சொன்னாள்: "நான் மக்குன்னுல்லம்மா நெனச்சுக்கிட்டிருந்தேன்."

முறைச்சிக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. சாதாரணமாம்! அந்தச் சாதாரணத்தைப் பார்க்க இத்தனை வருஷம் ஒரு நாதி இல்லையே!

அம்மா, மகள் இருவருக்கும் கண்ணாடி வந்தது. மகள் தனித்தேர்வுக்குப் படிக்கிறாள். குடியிருப்பே போய் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்ததில், மலைப்பள்ளியில் இப்போது வருஷாவருஷம் எல்லாப் பிள்ளைகளுக்கும் கண் சோதிக்கிறார்கள்.

எல்லாம் தங்கள் முகாமால்தான் நடந்தது என்று காட்ட, முகாம்காரர் அவளைத் தங்கள் விழாவுக்கு அழைத்தார். "மேடையில ரெண்டு வார்த்தை நன்றி சொன்னாப் போதும்மா."

"ரெண்டு வார்த்தை என்ன, நிறையவே வச்சிருக்கேன். தாங்குவீங்களா?"

அழைப்பு அதோடு நின்றுபோனது.