எரியாத சிவப்பு விளக்கு

ஆர்வோ லஹ்தி கவலைப்படுவதைச் சம்பளமில்லாத வேலையாகவே பார்த்துவந்த மனிதர். அமெரிக்காவின் குளிர் மிகுந்த வடக்கு மின்னசோட்டாவில் பள்ளிப் பேருந்து ஓட்டிய காலத்தில், கடைசிப் பிள்ளை இறங்கிய பிறகும் ஒவ்வொரு இருக்கைக்கு அடியிலும் குனிந்து பார்ப்பார். அப்படிப்பட்டவரை, வீட்டைப் பூட்டிவிட்டு அரிசோனா வெயிலில் குளிர்காலத்தைக் கழியுங்கள் என்றால் எப்படி இருக்கும்?

போகாமலும் முடியாது. மனைவி இர்மாவின் நுரையீரல் இன்னொரு ஏரிக்கரைக் குளிரைத் தாங்காது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். இர்மா அரை மனதோடுதான் கிளம்பினார்.

"என் பூச்செடிங்க ஒண்ணுகூட வாடக் கூடாது. வீட்டுக்கு ஏதாவது ஆச்சுன்னு காதுல விழுந்துச்சோ, அன்னிக்கே பஸ் ஏறிடுவேன். நீ என்ன கத்தினாலும் நிக்க மாட்டேன், ஆர்வோ."

செடிகளுக்காக ஹீட்டரை மிதமாக ஓடவிட்டார்கள். உறைந்தால் குழாய் வெடிக்குமென்று மற்றவர்கள் வடித்துவிட்டுப் போகும் குழாய்த் தண்ணீரையும், ஹீட்டரை நம்பி வடிக்கவில்லை. ஊரில் பலரும் செய்வதுபோல் சமையலறை ஜன்னலில் ஒரு சிவப்பு விளக்கை வைத்தார்கள். வீட்டுக்குள் குளிர் ஏறினால் அது தானாக எரியும். அதைப் பார்த்துச் சொல்வதும், இடையிடையே உள்ளே போய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதும் எதிர்வீட்டு எல்மரின் பொறுப்பு. தினமும் காலையில் ஆர்வோவின் போன் வந்துவிடும்.

"எரியுதா?"

"எரியல."

"நல்லாப் பாத்தியா?"

"உன் தொல்லை தாங்காம நானே ஒருநாள் போய் அதைக் கொளுத்தப்போறேன் பாரு."

ஜனவரியில் ஒரு காலை. டிவியில் ஊரின் குளிரைக் காட்டினார்கள். ஆர்வோவின் கை தானாகப் போனுக்குப் போனது.

"கவலைப்படாத, ஜன்னல் இருட்டாத்தான் இருக்கு," என்றார் எல்மர். "இங்கதான் மூக்கு கழண்டு விழுது. விறகடுப்பை விட்டு நான் நகரல. காபிகூட அதுலதான்."

"ஏன், உன் காபி மெஷினுக்கு என்ன?"

"நேத்திலேர்ந்து கரண்டே இல்லையேப்பா."

ஆர்வோவுக்குச் சட்டென்று உறைத்தது. கரண்ட் இல்லையென்றால் ஹீட்டர் ஓடாது. சிவப்பு விளக்கும் எரியாது. இருட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இரண்டு கிழவர்களும் நிம்மதியாக இருந்திருக்கிறார்கள்! எதையும் இரண்டு முறை பார்க்கிறவர் இதை ஒருமுறைகூட யோசிக்கவில்லை.

"எல்மர், ஓடு! கீழ் அறையில பெரிய வால்வை மூடு. எல்லாக் குழாயையும் திறந்துவிடு!"

"ஓடவா? இந்த இடுப்பை வச்சுக்கிட்டா?"

முனகினாலும் எல்மர் கிளம்பினார். போனில் பனி நொறுங்கும் சத்தமும் மூச்சிரைப்பும் கேட்டன. பூட்டு திறக்க மறுத்தது, பிறகு திறந்தது. ஆர்வோ உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவித்தார்.

"வால்வை மூடிட்டேன். குளியலறையில தண்ணி வடிஞ்சுது. சமையலறையில சொட்டுகூட வரல. உள்ள உறைஞ்சுபோச்சு. சுவத்துக்குள்ள வெடிச்சிருக்கா இல்லையான்னு உருகினாத்தான் தெரியும்."

"செடிங்க?"

எல்மரின் காலடிச் சத்தம் ஜன்னல் பக்கம் போய் நின்றது.

"கறுத்துத் தொங்குது, ஆர்வோ. எல்லாமே."

அப்போதுதான் இர்மா வெளியிலிருந்து வந்தார். முகத்தில் வெயில். இரண்டு வருடங்களில் முதல்முறையாக எங்கும் நிற்காமல் தெருவைச் சுற்றி வந்திருந்தார். மூச்சு வாங்கவில்லை.

"எல்மரா? வீடு எப்படி இருக்காம்?"

ஆர்வோ போனை மார்போடு அழுத்திக்கொண்டார்.

"சிவப்பு விளக்கு எரியலயாம்," என்றார்.

"அப்பாடா," என்று இர்மா காலணியைக் கழற்றினார். "அப்போ நாளைக்கு ரெண்டு சுத்து நடந்து பாக்கறேன்."