கண்ணாடி நாரில் மூடுபனி

பத்தொன்பது வருடமாக நான் ஒரே ஒரு பிழையைச் செய்யாமல் இருப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறேன். டென்மார்க்கில், பிராண்டே என்ற ஊருக்கு வெளியே ஒரு சிறிய பட்டறையில், காற்றாலைகளின் இறக்கைகள் கூடும் நடுவில் மாட்டுகிற மூக்கு மூடி செய்கிறோம். அச்சின் மேல் வெள்ளைக் கண்ணாடி நார்த்துணியை விரித்து, ரெசின் என்கிற பிசினை ஊற்றி, உருளையால் உருட்டவேண்டும். பிசின் ஊறிய இடத்தில் துணி தெளிந்து, வெளிச்சம் ஊடுருவும். ஊறாத இடம் வெள்ளையாகவே நிற்கும். அதைக் காய்ந்த இடம் என்போம். ஒரு காய்ந்த இடம் போதும், முழு மூடியும் குப்பைக்குப் போக. என் கையால் அப்படி ஒரு மூடி போனதாக எனக்கு நினைவில்லை.

ஒரு நாள் ஷெஃப் என்னைக் கூப்பிட்டார். டேனிஷில் மேலாளரை அப்படித்தான் சொல்வார்கள்.

"ஒரு ஓவியர் வாறா. கொரியாவின்ர பழைய மலை ஓவியத்தை எங்கட கண்ணாடி நாரில செய்யப்போறா. வரவேற்பறைக்கு. கொமூனும், எங்கட நகரசபையும் சேர்ந்து செய்யிற விசயம். ஆறு கிழமைக்கு உதவிக்கு ஒரு ஆள் வேணும். உன்னை நினைச்சன்."

"ஏன் என்னை?"

"உன்ர கை நல்லது. பிறகு, நீங்கள் ரெண்டு பேரும்…" என்று இரண்டு கைகளின் விரல்களையும் கோர்த்துக் காட்டினார். "ஒருத்தரை ஒருத்தர் விளங்கிக்கொள்ளுவியள்."

நான் பிறந்த யாழ்ப்பாணத்துக்கும் கொரியாவுக்கும் நடுவே எத்தனை கடல் என்று அவருக்குத் தெரியாது. அவர் படித்த பள்ளிக்கூட வரைபடப் புத்தகத்தில் இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்திருக்கும்.

திங்கட்கிழமை ஓவியர் வந்தார். என் வயதுக்காரி. முகம் கொரிய முகம். வாயைத் திறந்தால் மேற்கு யூலாந்து விவசாயியின் டேனிஷ். கைக்குழந்தையாக இங்கே தத்தெடுக்கப்பட்டவர். பிராண்டேயிலிருந்து இருபது நிமிடத் தூரத்தில் ஒரு பன்றிப் பண்ணையில் வளர்ந்தவர். கொரியாவுக்கு ஒரே ஒரு தடவை போய், பத்து நாளும் மழையில் நனைந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். இவரைத்தான் நான் விளங்கிக்கொள்ள வேண்டுமாம்.

அவர் ஒரு நூலகப் புத்தகத்தை விரித்துக் காட்டினார். பட்டுத்துணியில் கறுப்பு மையால் அடுக்கடுக்காக மலைகள்.

"இதில முக்கால்வாசி ஒண்டும் கீறேல்லை" என்றேன்.

"ஓம். அதுதான் மூடுபனி. கீறாமல் விட்ட இடம்."

செய்யாமல் விட்டதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அதை என் பிள்ளைகள் பள்ளியில் செய்திருந்தால் ஆசிரியர் எங்களைக் கூப்பிட்டு அனுப்பியிருப்பார். கறுப்புச் சாயம் கலந்த ரெசினைத் தூரிகையால் தொட்டு, நார்த்துணியில் மலை முகடுகளை இழுப்பது அவருடைய முறை. பனி வரவேண்டிய இடத்தில் துணி காய்ந்தபடி இருக்கவேண்டும். அதாவது நான் பத்தொன்பது வருடமாகச் செய்யாத பிழையை, நான்கு மீட்டர் நீளத்துக்குச் செய்யவேண்டும்.

நான்காம் நாள் அவர் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். நான் அந்த வெள்ளைத் திட்டுக்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். பொறுக்க முடியவில்லை. ரெசினை ஊற்றி, உருளையை எடுத்து உருட்டினேன். பத்து நிமிடத்தில் எல்லாம் தெளிந்துவிட்டது. எனக்கு நல்ல நிம்மதியாக இருந்தது.

அவர் வந்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"பனி எங்க?"

"அது காய்ஞ்ச இடம். சரியாக்கிப்போட்டன்."

அவர் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். "நாலு நாள் வேலை" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. "உனக்கு வேண்டியது பிழையாச் செய்யத் தெரிஞ்ச ஆள். அது நான் இல்லை" என்றேன்.

"பிழையாச் செய்யிறது லேசெண்டு நினைக்கிறாய் போல. நாளைக்கு நீயே செய்து காட்டு."

வீட்டில் சொன்னபோது என் கணவர் சிரித்தார். "உமக்கு அது பெரிய வேலையோ? கொஞ்சம் நித்திரைத் தூக்கத்தில செய்தாச் சரிதானே."

மறுநாள் செய்து பார்த்தேன். ரெசின் நான் சொன்ன இடத்தில் நிற்கவில்லை. தூரிகை படாத பக்கமும் தானாக ஊறிப் பரவியது. பனி இருக்கவேண்டிய இடத்தில் எண்ணெய் பட்ட கடதாசிபோலக் கறைதான் வந்தது. மூன்று துணி குப்பைக்குப் போனது. பிழையே விடாத கை என்று என்னைப்பற்றி நானே எவ்வளவு பெருமை வைத்திருந்தேன். கேட்டபோது அந்தக் கையால் ஒரு பிழையை ஒழுங்காகச் செய்ய முடியவில்லை. ஓவியர் பார்த்துக்கொண்டிருந்தார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அடுத்த வாரம்தான் எனக்குப் பிடிபட்டது. கலந்த ரெசின் இறுகத் தொடங்கும் முன் ஒரு சில நிமிடம் சீனிப்பாகுபோல இழுபடும். அந்த நேரத்தில் பூசினால் அது பரவாது. கோப்பையைக் கையில் வைத்துக் குச்சியால் கிளறிக்கொண்டே நிற்பேன். பதம் வந்ததும் "இப்ப" என்பேன். அவர் ஒரே இழுப்பில் ஒரு முகட்டை இழுப்பார். அதற்குள் கோப்பை கல்லாகிவிடும். அடுத்த கோப்பை. இப்படியே வாரக்கணக்கில் மலை வளர்ந்தது.

இடையிடையே அவர் வெறுமையின் மூச்சு, இழந்த நிலத்தின் நினைவு என்று கதைப்பார். ஒரு நாள், "அதெல்லாம் உண்மையோ?" என்று கேட்டேன்.

"இல்லை. காசு கேட்ட விண்ணப்பத்தில எழுதினது. எழுதி எழுதிப் பாடமாப் போச்சு."

அன்றிலிருந்து அவரை எனக்குக் கொஞ்சம் பிடித்தது.

திறப்பு நாளுக்கு முன் கொமூனின் கலாசாரப் பொறுப்பாளர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். சேலை உடுத்து வந்தால் படத்துக்கு நன்றாக இருக்குமாம். ஓவியரிடமும் கொரிய உடுப்பு இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். நான் கறுப்புக் காற்சட்டையோடு போனேன். ஓவியர் ரெசின் ஒட்டிய வேலை உடுப்போடு வந்தார்.

நான்கு மீட்டர் மலையும் கண்ணாடிச் சுவருக்கு முன் தொங்கியது. முகடுகளுக்கு ஊடாக வெளிச்சம் வந்தது. பனி வெள்ளையாக மறித்து நின்றது. யாரும் அதை அதிகம் பார்க்கவில்லை. பொறுப்பாளர் பேசினார். இந்த இரண்டு பெண்களின் இரத்தத்திலும் மலைகள் இருக்கின்றன என்றார். யாழ்ப்பாணத்தில் நான் ஏறிய உயரமான இடம் எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. பேச்சு முடிந்ததும் அவரிடம் போய், "யாழ்ப்பாணத்தில மலை இல்லை" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்தார். "அதனாலதான் இந்த ஏக்கம்" என்றார்.

கீழே ஒட்டியிருந்த அட்டையில் 'தொழிலாளர்களின் உதவியுடன்' என்று இருந்தது. ஓவியர் பொறுப்பாளரிடம் பேனையை வாங்கி, அதன் கீழ் என் பெயரை எழுதினார். எல்லோரும் கைதட்டினார்கள். திங்கட்கிழமை போய்ப் பார்த்தேன். புது அட்டை மாற்றியிருந்தார்கள், எழுத்துத் திருத்தமாக, என் பெயர் இல்லாமல்.

அடுத்த வசந்தத்தில் ஜெர்மனியிலிருந்து மூடி வாங்க ஆட்கள் வந்தார்கள். அதில் ஒரு பொறியாளர் ஓவியத்துக்குக் கிட்டப் போய், பனியில் விரலை வைத்துத் தடவினார்.

"உங்கள் மூடிகளிலும் இப்படித்தான் இருக்குமா?"

ஷெஃப் கலையைப் பற்றி நெடுநேரம் விளக்கினார். அதுவரை அவர் கலையைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. அந்த வாரமே மலையைக் கழற்றி, நாங்கள் சப்பாத்துக் கழற்றும் நடைக்குக் கொண்டுபோய்ச் சுவரோடு அறைந்தார்கள். பின்னால் வெளிச்சம் இல்லாமல் முகடெல்லாம் பழைய தேநீர்க்கறைபோலக் கிடந்தது. ஒருவர் அதன் ஆணியில் தலைக்கவசத்தைக் கொழுவினார்.

நான் ஓவியருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் தகப்பனின் பன்றி ஏற்றும் வண்டியைக் காரில் கொழுவிக்கொண்டு வந்தார். ஷெஃப் மறுக்கவே இல்லை. கதவைப் பிடித்துத் திறந்துவிட்டார். அவ்வளவு உதவியான மனிதராக அவரை நான் முன்பு கண்டதில்லை.

பண்ணையில் இப்போது பன்றிகள் இல்லை. வெறும் கொட்டிலின் தெற்குப் பக்கத்தில் பெரிய யன்னல். அங்கே நாங்கள் அதைத் தொங்கவிட்டோம். ஓவியரின் தகப்பன், நல்ல வயதானவர், றப்பர் சப்பாத்தோடு வந்து நின்று நீண்டநேரம் பார்த்தார்.

"அங்கால மழை பெய்யுது போல" என்றார்.

"ஓம், அப்பா" என்றார் ஓவியர்.

தகப்பன் தலையாட்டிவிட்டுக் கோப்பி போடப் போனார். வேலை தொடங்கிய நாளிலிருந்து அன்றுவரை யாரும் அந்த ஓவியத்தைப் பற்றி உருப்படியாகச் சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

பட்டறை வரவேற்பறையில் இப்போது, மாலைச் சூரியனுக்கு முன் ஒரு காற்றாலை நிற்கும் புகைப்படம் தொங்குகிறது. தளபாடக் கடையில் வாங்கியது. அடுத்த மலைக்கு ஓவியர் என்னைக் கேட்டிருக்கிறார். ஜூலையில் எனக்கு மூன்று கிழமை லீவு இருக்கிறது, போவேன். ஷெஃப்புக்குச் சொல்லவில்லை.