தார்ப்பெயிண்டில் முக்கியெடுத்த பிரேக் ஷூ

சங்ககிரியில் கண்ணுசாமியின் பிரேக் பட்டறையில் சென்னியம்மாளுக்கு ஒரே வேலைதான். லைனிங் பொருத்திய லாரி பிரேக் ஷூக்களின் இரும்பு முதுகில் கறுப்புப் பெயிண்ட் பூச வேண்டும். பூசாமல் விட்டால் துரு ஏறி லைனிங்கையே கிளப்பிவிடும். சக்கரத்தின் டிரம்மோடு உரசுகிற லைனிங் முகத்தில் மட்டும் ஒரு சொட்டும் படக்கூடாது. அதனால் நாள் முழுக்கக் குனிந்தே இருப்பாள்.

எண்பத்துநான்காம் வருஷ ஐப்பசி மழையில் வேலை குவிந்துபோனது. கண்ணுசாமி ஒரு பீப்பாய் தார்ப்பெயிண்ட் வாங்கி வந்து இறக்கினார்.

"இனிமே தடவிக்கிட்டு இருக்க வேண்டாம் அம்மிணி. அப்படியே முக்கித் தொங்கவுடு. லைனிங்குல பட்டது ரெண்டு தரம் பிரேக் புடிச்சாத் தானாத் தேஞ்சுரும்."

இடுப்புவலி விட்டதே என்று அவளுக்குச் சந்தோஷம். லாரி ஓட்டும் தம்பி வீரனுக்குத் தானே பொறுக்கி ஒரு செட் எடுத்துக் கொடுத்தாள்.

அந்த வாரமே சேதி வந்தது. பாரத்தோடு தொப்பூர் கணவாய் இறங்கிய வீரனின் வண்டி பாறையில் மோதி நொறுங்கிவிட்டது. அடித்துப் பிடித்துக்கொண்டு ஓமலூர் ஆஸ்பத்திரிக்குப் போனாள். உயிர் இருந்தது. முழங்கால்தான் கூழாகியிருந்தது.

"மிதிக்க மிதிக்கப் புடிக்கலக்கா. வழுக்கிக்கிட்டே போச்சு. சக்கரமெல்லாம் பொகை, ஒரே தார் நாத்தம். பள்ளத்துல உழுந்துரக் கூடாதுன்னு நாந்தான் பாறைப் பக்கம் ஒடிச்சேன்."

தார் நாற்றம் என்றதும் சென்னியம்மாள் தன் கைகளைப் பார்த்தாள். நகக்கண்ணில் இன்னும் கறுப்பு போகவில்லை. கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் பட்டறைக்கு வாடிக்கையாக வரும் லாரிக்காரர் சின்னண்ணனின் வண்டி நினைவுக்கு வந்தது. நேற்றுத்தான் அதே பீப்பாயில் முக்கிய ஷூக்களை அதில் மாட்டினார்கள். ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு இன்று பெங்களூர் போகிறவர், இந்த வழியாகத்தான் போயாக வேண்டும்.

ஆஸ்பத்திரி வாசல் ரோட்டுக்கு ஓடினாள். மழையில் நனைந்தபடி நின்று, வருகிற லாரிகளையெல்லாம் உற்றுப் பார்த்தாள். சின்னண்ணனின் வண்டியைக் கண்டதும் கையை விரித்துக்கொண்டு நடுரோட்டில் போய் நின்றுவிட்டாள். வண்டி கிறீச்சிட்டு வழுக்கிக்கொண்டே வந்து, அவளை ஒட்டி நின்றது.

"சாவறதுக்கு என்ற வண்டிதான் கெடைச்சுதா?" என்று கத்திக்கொண்டே இறங்கினார் சின்னண்ணன்.

அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் முகம் வெளுத்துவிட்டது. இருந்தும், "இப்பக் கணவாய் ஏத்தந்தானே அம்மிணி, வாரப்பப் பாத்துக்கலாம்" என்று இழுத்தார்.

"வாரப்ப எறங்கோணுமல்லங்கண்ணா? என்ற தம்பி உள்ள கெடக்கறான். போய் ஒருக்காப் பாத்துட்டு அப்பறம் வண்டியை எடுங்க."

உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் வண்டியைத் திருப்பி, மெல்ல உருட்டிக்கொண்டே சங்ககிரி போய்ச் சேர்ந்தார்.

சேதி கேட்ட கண்ணுசாமி பட்டறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்றே ஆள் விட்டு, ஷூ வாங்கிப்போன வண்டிகளையெல்லாம் தேடிப்பிடித்து நிறுத்தினார்.

தார்ப்பெயிண்ட் விஷயத்தை வீரனிடம் சென்னியம்மாள் தானே சொன்னாள்.

"உன்ற கையாலயா அக்கா?"

அவள் தலையசைத்தாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். தை பிறந்த பிறகு ஒருநாள், கோலை ஊன்றிக்கொண்டு அவள் வீட்டுப் படியேறி, "சோறு இருக்குதா?" என்று கேட்டான்.