எனக்குப் பதிலாகப் போன இளநீர்க்காரர்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் உத்திரமேரூரில் ஒரு ரைஸ் மில் முதலாளிக்கு பிளசர் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். மில்லில் நெல் இருக்கிறதோ இல்லையோ, முதலாளி போவதற்கு ஒரு கல்யாணமோ காதுகுத்தோ எங்கேயாவது இருந்துகொண்டே இருக்கும். பின் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினால் ஊர் எல்லை தாண்டுவதற்குள் குறட்டை வந்துவிடும். அதை நான் என் வேலைக்குக் கிடைத்த மரியாதையாகவே நினைத்திருந்தேன்.

எங்கள் பக்கத்து டிரைவர்கள் யாரும் லைசென்ஸ் புதுப்பிக்க நேரில் போனதில்லை. அதற்கென்று ஒரு புரோக்கர் இருந்தார். பஸ் ஸ்டாண்டை ஒட்டிய டீக்கடை பெஞ்சுதான் அவருடைய ஆபீஸ். எந்நேரமும் வெள்ளைச் சட்டை. சட்டைப்பையில் சுற்றுவட்டாரத்து டிரைவர்களின் போட்டோக்கள் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாக இருக்கும். பழைய லைசென்ஸையும் ஒரு போட்டோவையும் கொடுத்துவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போகலாம். டவுனில் மோட்டார் ஆபீஸ் எந்தத் தெருவில் இருக்கிறது என்று கூட நமக்குத் தெரிய வேண்டியதில்லை. என்றைக்காவது ஒரு நாள் புது முத்திரையோடு லைசென்ஸ் கைக்கு வரும்.

"நானும் கூட வரட்டா அண்ணா?" என்று மரியாதைக்குக் கேட்டால் அவருக்கு முகம் சுருங்கிவிடும்.

"நீ இன்னாத்துக்கு நைனா? நீ வந்தின்னா வேலை கெட்டுப்பூடும்."

அப்படிச் சொல்லிக்கொண்டிருந்த மனிதர் அந்த முறை மில் வாசலுக்கே வந்து நின்றார். "நாளைக்கு நீயும் வரணும் நைனா. மோட்டார் ஆபீஸுக்குப் புதுசா ஒரு பிரேக் இன்ஸ்பெக்டர் வந்துகீறாரு. ஆளை நேர்ல பார்க்கணுங்கிறாரு, கண்ணை டெஸ்ட் பண்ணணுங்கிறாரு. ஒரே பேஜாரு."

கண்ணைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஏரிக்கரையில் வரும் பஸ் எந்தக் கம்பெனியுடையது என்று இந்தக் கோடியில் இருந்தே சொல்லிவிடுவேன். மறுநாள் காக்கிச் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் கிளம்பினேன்.

மோட்டார் ஆபீஸ் வளாகத்தில் பெரிய வேப்பமரம். அதன் நிழலில் ஜனம் குந்திக் கிடந்தது. உள்ளே ஜன்னல் ஓரம் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, நாலு கேள்வி கேட்டு, ஜன்னல் வழியாக வெளியே நிற்கிற லாரியின் நம்பரைப் படிக்கச் சொன்னார். இவ்வளவுதானா என்று நான் மரத்தடியில் நிம்மதியாக நின்றேன். அப்போது புரோக்கர் வேர்த்து வழிய ஓடி வந்தார்.

"சாலவாக்கம் பக்கத்து நிலக்காரர் ஒருத்தரு கீறாரு. ஜீப்பு வெச்சிக்கினு கீறாரு. நேர்ல வாங்கன்னா, நான் எதுக்கு வரணும்னு வூட்லயே குந்திக்கினாரு. இப்ப அவரு பேரைத்தான் கூப்புடப் போறாங்க. நீ போய் நில்லு நைனா."

"நானா? போட்டோ இருக்குமே அண்ணா!"

"அந்த ஸ்டூடியோக்காரன் எடுத்த போட்டோவுல எவன் மூஞ்சி தெரியுது? அல்லாம் இருட்டுதான். உனக்கும் மீசை கீது, அவருக்கும் மீசை கீது."

மாட்டேன் என்றுதான் சொல்ல வந்தேன். அதற்குள் அவர் பையிலிருந்து ஒரு சலவைச் சட்டையையும் சரிகைக்கரைத் துண்டையும் எடுத்து நீட்டினார். இப்படிப்பட்ட சமயங்களுக்காகவே வைத்திருப்பார் போலிருக்கிறது. சரிகைத் துண்டைப் பார்த்ததும் என் புத்தி கொஞ்சம் தடுமாறியது. அடுத்தவருக்குக் கதவு திறந்துவிட்டே பழகியவன் நான். ஐந்து நிமிஷம் நிலக்காரராக இருந்து பார்த்தால் என்ன என்று தோன்றியது. மரத்துக்குப் பின்னால் போய்க் காக்கியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டேன்.

உள்ளே போனதும் இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்து, "உட்காருங்க ஐயா" என்றார். அதுவரை எந்த ஆபீஸிலும் என்னை யாரும் உட்காரச் சொன்னதில்லை. துண்டைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தேன். லாரி நம்பரைப் படித்தேன். அதற்குப் பின்னால் நின்ற லாரியின் நம்பரையும் கேட்காமலேயே படித்தேன்.

"விவசாயம் எல்லாம் எப்படி?" என்றார் அவர்.

மில்லில் கேட்ட பேச்செல்லாம் அப்போது கை கொடுத்தது. "ஏரியில தண்ணி கீது சார், குறையில்ல" என்றேன்.

"சாப்பாட்டுக்கு நல்ல அரிசி எது? வீட்டில் தினம் இதே புகார்."

"கிச்சிலி சம்பா வாங்குங்க. புதுசு வாணாம், சோறு குழைஞ்சிடும். பழைய நெல்லாப் பார்த்து அரைக்கச் சொல்லுங்க."

அவர் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார். கையெழுத்துப் போட்டார். எழுந்து நின்று கும்பிட்டார். நான் பாதி கும்பிடு போட்டுவிட்டு நிதானமாக வெளியே வந்தேன். நிலக்காரர்கள் அவசரப்படுவதில்லை.

வெளியே வந்ததும்தான் ஒரு விஷயம் உறைத்தது. அடுத்து என் பேர் வரும். இதே முகத்தோடு நான் எப்படி உள்ளே போவது?

புரோக்கருக்கு அது ஏற்கனவே உறைத்திருந்தது. வாசலில் இளநீர் விற்கிற பெரியவர் ஒருவருக்கு அவர் என் காக்கிச் சட்டையை மாட்டிவிட்டுப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

"அவரு யாரு அண்ணா?"

"இப்போத்திக்கு நீதான்" என்றார் புரோக்கர்.

"வண்டி ஓட்டத் தெரியுமா அவருக்கு?"

"இன்னா, உள்ளாற வண்டியா ஓட்டச் சொல்றாங்க? நம்பர் படிச்சா போதும். பெருசுக்குப் படிப்பு கீது."

படிப்பு இருந்தது உண்மைதான். கண் இல்லை. அது எங்கள் இருவருக்குமே தெரியாது. இளநீரைக் கையால் தடவிப் பார்த்தே சீவிப் பழகியவர், பாவம். என் பேரைக் கூப்பிட்டார்கள். அவர் போனார். நான் ஜன்னலுக்கு வெளியே சுவரோடு ஒட்டி நின்று, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று காதைக் கொடுத்தேன்.

"என்ன வண்டி ஓட்டுறே?"

"அல்லா வண்டியும் ஓட்டுவேன் சார்."

"அந்த லாரி நம்பரைப் படி."

"எந்த லாரி சார்?"

"அதோ, மரத்தடியில நிக்குதே."

ஜன்னல் கம்பிக்கு நடுவே அவர் மூக்கு வெளியே நீண்டது. பிறகு இளநீர்க்காரர் பணிவாகக் கேட்டார்: "அது மாடு இல்லீங்களா?"

புரோக்கர் வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தார். இன்ஸ்பெக்டரின் குரல் கோபமாக வரவில்லை, பயந்துபோய் வந்தது.

"ஏம்ப்பா, இந்தக் கண்ணை வெச்சிக்கிட்டு இத்தனை வருஷம் எப்படி ஓட்டினே?"

"பழக்கம் சார்" என்றார் இளநீர்க்காரர்.

புரோக்கர் உள்ளே ஓடினார். என்ன பேசினார், எந்த டாக்டரிடம் என்ன சான்றிதழ் வாங்கினார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் லைசென்ஸ் வந்தது. உள்ளே சிவப்பு மையில், வண்டி ஓட்டும்போது கண்டிப்பாகக் கண்ணாடி அணிய வேண்டும் என்று எழுதியிருந்தது.

"கண்ணாடிதானே நைனா? காலையா எடுத்துட்டாங்க?" என்று புரோக்கர் ஆறுதல் சொன்னார்.

முதலாளியிடம் லைசென்ஸைக் காட்டித்தான் ஆகவேண்டும். காட்டினேன். சிவப்பு மையைப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்பா, உனுக்குக் கண்ணு தெரியாதா? இத்தினி நாளா உன்னை நம்பியா நான் தூங்கிக்கினு வந்தேன்?"

உண்மையைச் சொன்னால் புரோக்கர் மட்டுமல்ல, நானும் சேர்ந்து மாட்டுவேன். "லேசா மங்கல் முதலாளி" என்று சொல்லிவிட்டு, ஒரு கடையில் பவர் இல்லாத வெறும் கண்ணாடி போட்ட மூக்குக்கண்ணாடி ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டேன். வீட்டில் மனைவி பார்த்துவிட்டு, "இன்னாய்யா, தாசில்தார் மாதிரி கீறே!" என்று அடக்கமாட்டாமல் சிரித்தாள். பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாதவர்கள் மனுவைக் கொண்டுவந்து, "கொஞ்சம் பட்ச்சி சொல்லு சார்" என்றார்கள். எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

பிடிக்காதது காருக்குள் நடந்ததுதான். முதலாளியின் குறட்டை நின்றுபோனது. முன் சீட்டின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என் காதுக்குப் பக்கத்தில் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வருவார். "மாடு வருது. சைக்கிள் வருது. அது பள்ளம். ஏ, பார்த்துப் போப்பா, பஸ்ஸு!" சாலையில் இருந்ததை எல்லாம் நான் இரண்டு தடவை பார்க்க வேண்டியிருந்தது, ஒரு தடவை என் கண்ணால், ஒரு தடவை அவர் வாயால். தூக்கம் கெட்டதில் அவருக்குக் கண்ணுக்குக் கீழே கருத்துவிட்டது. ஆனாலும் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. அதை நினைத்தால் மட்டும் எனக்கு வெட்கமாக இருக்கும்.

ஒரு நாள் கூரம் என்கிற ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். கல்யாணம் என்பதால் எனக்கும் முதலாளியம்மா வெள்ளை வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்திருந்தார். ஒரு திருப்பத்தில் ஜீப்பை நிறுத்தி வண்டிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் அதே பிரேக் இன்ஸ்பெக்டர். என் லைசென்ஸில் என் பேர், என் போட்டோ, சிவப்பு மை. என் மூஞ்சியோ அவருக்கு நிலக்காரர் மூஞ்சி. காரை நிறுத்தியபோது கால் பிரேக்கிலேயே ஒட்டிக்கொண்டது.

குனிந்து பார்த்தவர் முகம் மலர்ந்தது. "அடடே, வணக்கம் ஐயா! நீங்களே ஓட்டிக்கிட்டு வர்றீங்களா?"

முதலாளி என் காதுக்குப் பக்கத்திலிருந்து முகத்தை இழுத்துக்கொண்டார்.

"ஆமா சார்" என்றேன். "டிரைவர் லீவு."

"பின்னால யாரு?"

நான் வண்டியின் கண்ணாடியில் பின்னால் இருந்த முதலாளியைப் பார்த்தேன். அவர் வாயைத் திறந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழி இல்லை.

"நம்ம சிநேகிதருதான் சார். ரைஸ் மில் வெச்சிக்கினு கீறாரு."

ஒரு சிப்பந்தி லைசென்ஸ் கேட்டுக் கையை நீட்டினார். இன்ஸ்பெக்டர் அவரைத் தடுத்தார். "அவர்கிட்ட எதுக்குப்பா? நானே நேர்ல பார்த்துக் கையெழுத்துப் போட்டவர்." பிறகு என் பக்கம் திரும்பி, "அரிசி பிரமாதம் ஐயா. வீட்டில் இப்ப சண்டையே இல்லை. கண்ணாடி போட ஆரம்பிச்சிட்டீங்களா? நல்லது. அன்னிக்கு உங்களுக்கு அடுத்ததா ஒரு டிரைவர் வந்தான். லாரியைக் காட்டினா மாடுங்கிறான்! அவன் எந்த ரோட்டுல வர்றானோன்னு எனக்கு இன்னும் பயம்தான்" என்றார்.

முதலாளி முதல் தடவையாகப் பேசினார். "அவன் எந்த ஊரு சார்?"

"உத்திரமேரூர்னு ஞாபகம்."

"அப்படியா" என்றார் முதலாளி.

அங்கிருந்து நெடுந்தூரம் வரை அவர் பேசவில்லை. மாடு வந்தது, சொல்லவில்லை. பள்ளம் வந்தது, சொல்லவில்லை. ஒரு புளியமரத்தடியில், "ஓரமா நிறுத்து" என்றார். நிறுத்திவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, சரிகைத் துண்டிலிருந்து இளநீர்க்காரர் வரை எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போனதென்றே நினைத்தேன். "பழக்கம் சார்" என்ற இடம் வந்ததும் சிரிக்க ஆரம்பித்த முதலாளி, கண்ணில் தண்ணீர் வரும்வரை நிறுத்தவில்லை.

சிரித்து முடித்ததும் பின்கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். வந்து முன் சீட்டில், என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்னா முதலாளி இது?"

"சிநேகிதன் பின்னாலயா குந்துவான்? போ போ, முகூர்த்தத்துக்கு நேரமாவுது."

கிளம்பிக் கொஞ்ச தூரம் போவதற்குள் தலையைக் கதவில் சாய்த்துத் தூங்கிவிட்டார். அந்தக் குறட்டையைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! கல்யாண வீட்டு வாசலில் அவர் முன் சீட்டிலிருந்து இறங்கியதைப் பார்த்து நாலு பேர் என்னிடம் வந்து விசாரித்தார்கள். பந்தியில் அவரே என்னைப் பக்கத்து இலையில் உட்கார வைத்து, பரிமாறுகிறவரிடம், "சாலவாக்கத்து நிலக்காரருக்கு இன்னொரு வடை வைப்பா" என்றார்.